இருபது நிமிடக் காற்று

சாவிக்காரரின் சாவியைச் சட்டைப்பையில் போட முடியாது. அவருடைய தோள் உயரத்துக்கு நிற்கும் இரும்புக் கம்பி அது. மேலே இரண்டு கையாலும் பிடித்துச் சுற்ற ஒரு குறுக்குக் கைப்பிடி, கீழே வால்வின் தலையைக் கவ்வுகிற சதுரக் குழி. சாலையோரத்து இரும்பு மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே இறக்கி, பதினேழு சுற்றுச் சுற்றினால் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் போகும். திருப்பிப் பதினேழு சுற்றினால் நிற்கும். இருபத்தாறு வருடமாக இந்த ஊர் குளித்ததும் துவைத்ததும் சமைத்ததும் அந்தச் சுற்றுகளை நம்பித்தான். இருந்தாலும் அவரைத் தெருவில் பார்த்து "நல்லா இருக்கீங்களா?" என்று ஒருவரும் கேட்டதில்லை. "தண்ணி எப்ப?" என்றுதான் கேட்பார்கள். அவருடைய சொந்த மாமியாரே அப்படித்தான் கேட்பார்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது ஏரி ஒன்று, தொட்டி ஒன்று, தெரு பதினொன்று. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் எல்லாருக்கும் தண்ணீர் வரும். பிறகு பக்கத்துப் பெருநகரம் இடம் போதாமல் இந்தப் பக்கம் வழியத் தொடங்கியது. வயல் மனையானது, மனை வீடானது, வீட்டை இடித்து நாலு மாடி எழுப்பினார்கள். தெரு நூற்று நாற்பதானது. ஏரி மட்டும் வளரவில்லை. அதற்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. தினமும் வந்த தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாகி, இப்போது ஒவ்வொரு பகுதிக்கும் வாரத்தில் இரண்டே நாள் முறை.

மேட்டுத் தெருவின் முறை புதனும் சனியும், மாலை நான்கு மணியிலிருந்து ஐந்தரை வரை. அலுவலகப் பதிவேட்டில் சாவிக்காரர் தம் கையால் "4.00 திறப்பு" என்றுதான் எழுதுவார். ஆனால் திறப்பது மூன்று நாற்பதுக்கு. ஒன்பது வருடமாக இப்படித்தான். வீட்டில் மனைவிக்குக்கூட இது தெரியாது. தண்ணீர் விஷயத்தில் நூல் பிடித்த மாதிரி நடப்பவர் என்று பெயர் வாங்கிய மனிதர், வாரத்தில் இரண்டு நாள், நாற்பது நிமிடம் திருடிக்கொண்டிருந்தார்.

காரணம், அந்தத் தெருவின் கடைசி வீட்டில் இருக்கும் அவருடைய அக்கா. அந்த அக்கா அவரோடு பேசி ஒன்பது வருடம் ஆகிறது.

*

அக்காவின் கணவர் இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அதற்கு முந்தின நாள் ஏரிக்கரை மோட்டார் எரிந்துபோயிருந்தது. தொட்டியில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் மிச்சம். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தடவை போன் வந்துவிட்டது. பிள்ளை பெற்ற பெண்கள் பதினான்கு பேர் படுத்திருக்கிறார்கள், கை கழுவக்கூடத் தண்ணீர் இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வால்வும் மேட்டுத் தெருவுக்குப் போகும் வால்வும் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இருக்கின்றன. இரண்டையும் திறந்தால் இரண்டு பேருக்கும் இல்லாமல் போகும். மாமா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது சாவிக்காரர் அந்தக் குழிகளுக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தார்.

சாவு வீட்டிலிருந்து அக்காவே ஓடி வந்தாள், தலைமுடி அவிழ்ந்து, காலில் செருப்பில்லாமல்.

"தம்பி, வீட்ல ஒரு சொட்டு இல்லடா. அவரக் குளிப்பாட்டணும். சனமெல்லாம் வந்து நிக்குது. வால்வத் திறடா."

அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இன்னிக்கு மேட்டுத் தெரு முறை இல்லக்கா."

அவ்வளவுதான். ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். தெருக்காரர்கள் ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து ஊற்றித்தான் மாமாவைக் குளிப்பாட்டி அனுப்பினார்கள். மாலையில் அவர் சாவு வீட்டுக்குப் போனார். அக்கா வாசற்படியில் வந்து வழிமறித்து நின்றாள். அழவில்லை, கத்தவில்லை.

"இன்னிக்கு உன் முறை இல்ல. போ," என்றாள்.

அதற்குப் பிறகு அவர் அந்தத் தெருவின் மேல் பாதிக்கே போனதில்லை. ஆனால் அடுத்த நாள் புதன்கிழமை, நான்கு மணிக்குத் திறக்க வேண்டிய வால்வை மூன்று நாற்பதுக்கே திறந்தார். மேட்டுத் தெருவுக்குக் குழாய் நீளம், ஏற்றம் வேறு. தண்ணீர் ஏறி, உள்ளே அடைந்திருக்கும் காற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு கடைசி வீட்டைத் தொடவே இருபது நிமிடம் பிடிக்கும். நான்கு மணிக்குத் திறந்தால் அக்காவுக்கு முதல் இருபது நிமிடம் வெறும் காற்றுதான். அந்த இருபது நிமிடத்தை அவர் தம் பங்காகக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் இப்படி ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள்.

*

புதிதாக வந்த பொறியாளர் அம்மாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வந்த எட்டு மாதத்தில் எல்லா வீட்டுக்கும் மீட்டர் மாட்டிவிட்டார். கெட்டிக்காரர், நேர்மையானவர், சரியாகத் தூங்காதவர் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். அவருடைய மேசைக்குக் கீழே எப்போதும் இரண்டு காலிக் கேன்கள் இருக்கும். மாலையில் அலுவலகக் குழாயில் பிடித்துப் போக அல்ல, போகிற வழியில் விலைக்கு வாங்கிப் போக. சுவரில் ஒரு வெள்ளைத் தாள். அதில் தினமும் காலையில் ஓர் எண்ணை அடித்துவிட்டு அடுத்ததை எழுதுவார். ஏரியில் இன்னும் எத்தனை நாளுக்குத் தண்ணீர் இருக்கிறது என்ற கணக்கு. அந்தத் திங்கட்கிழமை அது நாற்பத்து மூன்றாக இருந்தது. மழைக்கு எப்படியும் அறுபது நாள் ஆகும்.

"அண்ணா, இதப் பாருங்க," என்று ஒரு பட்டியலை நீட்டினார். "ஊர்லயே அதிகமா தண்ணி எடுக்கிற பத்து வீடு. ஓட்டல், கார் கழுவுற கடை, சலவை ஆலை, எல்லாம் அப்புறம்தான். முதல் இடம் யாருன்னு பாருங்க."

பட்டியலில் முதல் வரி: மேட்டுத் தெரு, கடைசி வீடு, நாற்பத்தொன்றாம் எண். மாதம் ஒரு லட்சத்து எழுபதாயிரம் லிட்டர்.

சாவிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். எண் மாறவில்லை.

"அந்த வீட்ல எத்தன பேருண்ணா?"

"ஒருத்தங்க மேடம்."

"ஒருத்தரா!" பொறியாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்ப லாரிக்குத்தான் விக்கிறாங்க. வேற எப்படி?"

"எனக்குத் தெரிஞ்ச வீடு மேடம். அப்படிப்பட்டவங்க இல்ல."

"எல்லாரும் அப்படித்தான் தெரிவாங்க. மீட்டர் பொய் சொல்லாதுல்ல?" என்றவர் குரலை இறக்கினார். "எனக்கும் ஆசையில்லண்ணா. பைபாஸ் பக்கம் புதுசா வந்திருக்கிற முந்நூறு வீட்டுக்கு வாரத்துல ஒரு நாள்கூட நம்மால குடுக்க முடியல. நேத்து ஒருத்தங்க கைக்குழந்தையோட வந்து இந்த நாற்காலியில உக்காந்து அழுதாங்க. மேட்டுத் தெருவே மொத்தமா அளவுக்கு மேல எடுக்குது, அதுக்குக் காரணம் இந்த ஒரு வீடு. வெள்ளிக்கிழமை இந்த இணைப்பத் துண்டிச்சுடுவோம். தெருவோட சனிக்கிழமை முறைய எடுத்துப் புது மனைக்குக் குடுத்துடலாம். நோட்டீஸ நாளைக்கு நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

"என் அக்கா வீடு மேடம்" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? சொந்தக்காரர் வீட்டுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டவர் என்று நாளைக்கே ஊர் பேசும். அதில் பாதி உண்மை வேறு. நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

*

ஒன்பது வருடத்தில் தெருவின் மேல் பாதி அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. எல்லா வாசலிலும் நீலப் பீப்பாய்கள். கடைசி வீடு மட்டும் அப்படியே இருந்தது, பச்சைக் கதவு உட்பட. அதற்கு முந்தின வீட்டில் தையல்காரம்மா வாசல் அறையில் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலில் பார்த்தாள்.

"அய்யய்யோ, சாவிக்காரண்ணனா! அக்கா, இங்க வாங்க!"

அக்கா வெளியே வந்தாள். அறுபத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் மணியடித்து ஓய்வு பெற்றவள். நிற்கும்போதே எட்டரை மணிக்குக் கேட்டை மூடப்போகிறவள் மாதிரி நிற்பாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. அது எப்போது நடந்தது என்று சாவிக்காரருக்குத் தெரியாது.

"என்ன விஷயமா வந்திருக்காங்கன்னு கேளு," என்றாள் அக்கா தையல்காரம்மாவிடம். தம்பி இரண்டடி தூரத்தில் நின்றார்.

"என்ன விஷயம்ணா?"

"நோட்டீஸ் குடுக்கணும்."

"நோட்டீஸாம்க்கா."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. வாங்கிட்டு வா."

நோட்டீஸ் தையல்காரம்மா கை வழியாக அக்காவிடம் போனது. அக்கா நிதானமாகப் படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு, திரும்ப மேலிருந்து படித்தாள்.

"ஒரு லட்சத்து எழுபதாயிரம் லிட்டராம். நான் வீட்டுக்குள்ள யானை கட்டி வச்சிருக்கேனான்னு கேளு."

"அதெல்லாம் நான் எப்படிக்கா கேக்குறது? அவருக்கே கேட்டிருக்கும்."

"ஏழு வருஷமா இந்தத் தெருவுக்காகக் குழாய்கிட்டக் காவல் இருந்தேன் பாரு, அதுக்குத்தான் இந்த மரியாத. காத்துக்கும் சேத்துக் கணக்குப் போடுறாங்க. சரி. என் மீட்டர் ஓடுறதுதானே குத்தம்? நாளையிலேருந்து என் குழாய நான் தொடப்போறதில்ல. போய்ச் சொல்லச் சொல்லு." பச்சைக் கதவு சாத்திக்கொண்டது.

"காத்தா? என்ன காத்து?" என்றார் சாவிக்காரர்.

தையல்காரம்மா மெஷினை விட்டு எழுந்து வந்தாள். "உங்களுக்குத் தெரியாதா? குழாய்ல முதல்ல காத்துதானேண்ணா வரும். அது வெளிய போனாத்தான் தண்ணி ஏறும். எல்லாரும் ஒரே நேரத்துல குழாயத் திறந்தா கீழ் வீட்டுக்காரங்க இழுத்துப்பாங்க, மேல இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் வராது. அடிதடி ஆயிடுச்சு. அப்பதான் அக்கா ஒரு ஏற்பாடு பண்ணாங்க. அவங்க குழாய மட்டும் முதல்ல திறந்து விட்டுட்டுப் பக்கத்துலேயே உக்காந்திருப்பாங்க. புஸ்ஸுன்னு காத்து போய்க்கிட்டே இருக்கும். தண்ணி வந்ததும் மூடிட்டு, தட்டு ஒண்ணு வச்சிருக்காங்க, அதுல கரண்டியால நாலு தட்டு. அதக் கேட்ட பிறகுதான் நாங்க எல்லாரும் திறப்போம். சொட்டு வீணாகாது, சண்டையும் இல்ல."

"அதுக்குத்தான் தெரு முனையில காத்து வால்வு இருக்கே! அது தானா வெளிய விட்டுடுமே!"

"எது, அந்தச் சின்ன இரும்பு மூடியா? ஏழு வருஷத்துக்கு முன்னாடி ரோடு போட்டப்பவே தார ஊத்தி மூடிட்டாங்களே. நீங்க பாக்கலயா?"

அவர் எங்கே பார்த்தார்? இந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லையே. ஊரிலுள்ள ஒவ்வொரு மூடியையும் வருடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கிறவர், இந்த ஒன்றை மட்டும் "அது நல்லாத்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டார்.

அக்கா வீட்டு மதிலோரம் மீட்டர் தெரிந்தது. குழாய்க்கு முன்னால் அது. குழாய் வழியாகப் போவது எதுவானாலும் அதன் வழியாகத்தான் போகும். மீட்டரின் சக்கரத்துக்குக் காற்றென்றும் தண்ணீரென்றும் பேதம் தெரியாது, தள்ளினால் சுற்றும். தெரு முழுக்க நிரம்பியிருக்கும் காற்று, வாரத்துக்கு இரண்டு தடவை, அந்தச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியே போயிருக்கிறது. அதுவும் அவர் முன்கூட்டியே திறந்துவிட்ட அந்த இருபது நிமிடத்தில். நான்கு மணிக்கே திறந்திருந்தால் அக்கா ஏற்பாட்டுக்கே நேரம் இருந்திருக்காது. காற்று நாற்பத்தொரு வீட்டு மீட்டருக்கும் பங்காகப் போயிருக்கும். அக்காவுக்குச் செய்த பிராயச்சித்தம் என்று எதை நினைத்தாரோ, அதுவே அவள் பெயரைப் பட்டியலின் உச்சியில் கொண்டுபோய் வைத்துவிட்டது.

*

புதன்கிழமை காலை அவர் பொறியாளர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அக்கா என்பதைச் சொன்னார். பதிவேட்டில் ஒன்பது வருடமாகப் பொய் எழுதியதைச் சொன்னார். காற்றைச் சொன்னார். சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பொறியாளர் பேனாவை மூடி வைத்தார். சுவரில் எண் நாற்பத்தொன்றாகியிருந்தது.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. நான் ஒண்ணு கேக்குறேன். அக்கா வீட்டுக்கு முறை தவறித் தண்ணி விட்டேன்னு நீங்களே சொல்றீங்க. அந்த அக்கா மீட்டர்ல லட்சக்கணக்குல ஓடியிருக்கு. அது தண்ணி இல்ல, காத்துன்னும் நீங்களே சொல்றீங்க. என் இடத்துல இருந்தா நீங்க நம்புவீங்களா?"

"மாட்டேன் மேடம்," என்றார் அவர் உண்மையாகவே. "வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

மூன்று நாற்பதுக்கு, பொறியாளர் பார்க்கப் பதினேழு சுற்றுச் சுற்றினார். குழியோரத்தில் கால் புதைந்து, சேறு முட்டி வரை அப்பியது. அதைத் துடைக்கக்கூட நிற்காமல் பொறியாளரின் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டார். கடைசி வீட்டு மதிலுக்கு வெளியே பொறியாளர் குனிந்து மீட்டரைப் பார்த்தார். சிவப்பு முள் அசையவில்லை. ஐந்து நிமிடம் ஆனது, பத்து நிமிடம் ஆனது. முள் பிடித்துவைத்த மாதிரி நின்றது. அக்கா சொன்ன சொல் தவறவில்லை. குழாய் இறுக்க மூடியிருந்தது.

நான்கு மணி. வாசல்களில் குடமும் பீப்பாயுமாகத் தெரு காத்திருந்தது. தட்டுச் சத்தம் வரவில்லை. சத்தம் வராமல் ஒருவரும் குழாயைத் திறக்கவில்லை.

"இங்க ஒண்ணும் ஓடலயேண்ணா," என்றார் பொறியாளர். கோபமில்லை, சலிப்புதான். அது இன்னும் மோசமாக இருந்தது.

"அம்மா, நீங்களாவது கொஞ்சம் திறந்து காட்டுங்க," என்று சாவிக்காரர் தையல்காரம்மாவைக் கெஞ்சினார்.

"நல்லாருக்கே! என் மீட்டர் ஓடி நாளைக்கு எனக்கு நோட்டீஸ் வரவா? நான் மாட்டேம்ப்பா. அதுவுமில்லாம அக்கா தட்டாம இந்தத் தெருவுல யாரும் திறக்க மாட்டாங்க."

நான்கு பத்து. இன்னும் எண்பது நிமிடத்தில் முறை முடிந்துவிடும். பிறகு வெள்ளிக்கிழமை அக்காவின் இணைப்புப் போகும், சனிக்கிழமை முறை போகும், மேட்டுத் தெருவுக்கு வாரத்துக்கு ஒரே நாள். அவர் பச்சைக் கதவை நோக்கி நடந்தார். வாசற்படிக்கு ஒரு முழம் முன்னால் கால் தானாக நின்றது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மடியில் தட்டும் கரண்டியும்.

"அக்கா," என்றார். ஒன்பது வருடமாகச் சொல்லாத சொல், பாதியில் உடைந்தது. "குழாயத் திறக்கா."

அக்கா நிமிரவில்லை. "அன்னிக்கு நானும் இப்படித்தான் வந்து நின்னேன்னு சொல்லு," என்றாள் வெளியே கேட்கும்படி.

தையல்காரம்மா மதிலருகே நின்றுகொண்டிருந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு வாய் வலிக்குதுக்கா. நீங்களே சொல்லிக்கோங்க," என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாவிக்காரர் நின்றார். வேறென்ன செய்ய? "நீ திறக்கலேன்னா நான் ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா. சொல்ல எனக்கு வாயில்ல. ஆனா உன்னத் திருடின்னு எழுதி வச்சிருக்காங்க. அது நான் பண்ணினது. இருபது நிமிஷம் முன்னாடியே..."

"தெரியும்."

அக்கா எழுந்து கதவருகே வந்திருந்தாள். நேராக அவரைப் பார்த்தாள்.

"மூணு நாப்பதுக்குக் குழாய்ல காத்து சீறும். நாலு மணி முறைக்கு மூணு நாப்பதுக்கு எவன் திறப்பான்? முப்பது வருஷம் மணியடிச்சவ நான், எனக்கு நேரம் தெரியாதா? யாரு திறக்குறான்னு தெரியாமலா ஏழு வருஷம் அங்க போய் உக்காந்தேன்?"

அவரைத் தாண்டிப் படியிறங்கி, குழாயடிக்குப் போய், ஒரு வாளியைக் கீழே வைத்துக் குழாயை முழுக்கத் திறந்தாள்.

சீறல் தெரு முனைவரை கேட்டது. பொறியாளர் ஓடி வந்தார். மீட்டரின் சிவப்பு முள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. பக்கத்தில் எண்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஏறின. பொறியாளர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிக் குழாயின் வாயருகே பிடித்தார். அட்டை படபடவென்று துடித்தது. வாளிக்குள் கையை விட்டுத் தடவினார். காய்ந்த வாளி.

கடைசி வரை அங்கேயே நின்றார். சீறல் தடுமாறி, இருமி, செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பி, பிறகு தண்ணீர் வந்தபோது மீட்டர் இருபதாயிரம் லிட்டர் ஏறியிருந்தது. வாளியில் இரண்டு குவளை இருந்தது. அக்கா குழாயை மூடினாள். தட்டை எடுத்து நாலு தட்டுத் தட்டினாள். தெரு முழுக்க வரிசையாகக் குழாய்கள் திறக்கும் சத்தம் இறங்கிக்கொண்டே போனது.

பொறியாளர் அக்காவிடமிருந்து நோட்டீஸை வாங்கி நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டார். முகம் சிவந்திருந்தது. "அம்மா, என்ன மன்னிச்சிடுங்க. இத்தன நாளா நான் காத்துக்குக் கணக்குப் போட்டுட்டு இருந்திருக்கேன்."

"நீ சின்னப் பொண்ணு. உனக்கு யாரு சொன்னா?" என்றாள் அக்கா. "சொல்ல வேண்டியவங்க ஊர்ல வாயைத் திறக்குறதில்ல."

"நாளைக்கே ரோட்டத் தோண்டி அந்தக் காத்து வால்வ வெளிய எடுத்துடலாம்ணா," என்று பொறியாளர் சாவிக்காரரிடம் திரும்பினார். "மூணு நாப்பதுக்கே திறங்க. ஆனா இனிமே மூணு நாப்பதுன்னே எழுதுங்க." ஸ்கூட்டரைக் கிளப்பும்போது, பாதி தமக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்: "அப்ப தண்ணி நிஜமா எங்கதான் போகுதுன்னு இனிமேதான் தேடணும்." நாற்பத்தொரு நாள் நாற்பத்தொரு நாளாகத்தான் இருந்தது. புது மனைக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

சாவிக்காரரும் கிளம்பத்தான் திரும்பினார்.

"நில்லு," என்றாள் அக்கா. "அன்னிக்கு அந்தத் தண்ணிய எங்க விட்டே?"

அவர் தரையைப் பார்த்தார். "பிரசவ ஆஸ்பத்திரிக்கு. பதினாலு பேர் பிள்ள பெத்துப் படுத்திருந்தாங்க. தொட்டியில முழங்கால் தண்ணிதான் இருந்தது."

பக்கத்து வீடுகளில் குடங்கள் நிரம்பும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இத ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"சொல்லியிருந்தா, 'சரிடா, அங்கயே விடு'ன்னு நீயே சொல்லியிருப்பேக்கா. மாமா அங்க கிடக்க, அத உன் வாயால சொல்ல வைக்க எனக்கு மனசு வரல."

அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மாமா செத்த அன்று அழாதவள், இப்போது குழாயடியில் நின்று அழுதாள். அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சுற்ற ஒரு சாவிகூடக் கையில் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, வாளியை அவர் பக்கம் காலால் தள்ளினாள்.

"சேத்துக் காலோட நிக்காத. கழுவிட்டு உள்ள வா," என்றாள். "ஒரு குவளைக்கு மேல எடுக்காத."

அவர் அரைக் குவளையில் இரண்டு காலையும் கழுவிக்கொண்டு, வாசற்படி ஏறி உள்ளே போனார்.